மென்டார் மேசை

"என் மென்டார் குணாளன் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி," என்றாள் ஸஹ்ரா மேடையில். ஜார்ஜ் டவுனில் புதுத் தொழில் தொடங்குவோருக்கு வழிகாட்டிகளை அமர்த்தித் தரும் மையத்தின் விழா அது. தொழிற்சாலை பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் அவளுடைய செயலியை பத்து காவான் என்னும் ஊரிலுள்ள நிறுவனம் ஒன்று அன்றுதான் ஏற்றுக்கொண்டிருந்தது.

கீழே இறங்கியதும் மையத்தின் மேலாளர் ஜெயலெட்சுமி அவளை நிறுத்தினார். "குணாளன் மென்டார் இல்லையேம்மா. அவரும் உன்ன மாதிரி கம்பெனி தொடங்க வந்தவருதான்."

ஸஹ்ரா நேரே குணாளன் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போனாள். "முதல் நாள் மென்டார் மேசையில நீங்கதானே அண்ணே இருந்தீங்க?"

"நானும் மென்டாருக்காகத்தான் காத்திருந்தேன். அவரு வரல. பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்களேன்னு, 'உங்க கம்பெனி என்ன செய்யுது'ன்னு சும்மா கேட்டேன். நீங்க அழ ஆரம்பிச்சிட்டீங்க. அப்புறம் நான் மென்டார் இல்லன்னு எப்படி லா சொல்றது?"

"அதுக்காக வாராவாரம் வந்தீங்களா?"

"நீங்க கேட்டதுக்கெல்லாம் வீட்டுல உட்கார்ந்து படிச்சிட்டு வந்தேன். கோபமா?"

ஸஹ்ரா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணே, உங்க கம்பெனி என்ன செய்யுது?"