தன் பெயரில் ஒரு வீடு

வீடுகளை அவற்றின் பெயரிலேயே பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்த பிறகு, வீட்டுக்காரர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

பரந்தாமனும் தன் வீட்டை அதன் பெயருக்கே மாற்றிவிட்டார். மூன்று முறை சொல்லியும் அவர் மாற்றாத மாடிப்படிக் கைப்பிடி ஒருநாள் பெயர்ந்து விழுந்தது. குடியிருந்த ஜெசிந்தாவுக்குக் கால் முறிந்தது.

"வீடுதான் பொறுப்பு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார் அவர்.

நஷ்டஈடு தர வீட்டிடம் தன்னைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் தன்னையே ஜெசிந்தாவுக்கு எழுதிக் கொடுத்தது.

மறுநாளே பரந்தாமன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "எங்கப்பா கட்டின வீடும்மா இது!"

ஜெசிந்தா ஊன்றுகோலை வாசலுக்குக் குறுக்கே நீட்டினாள்.

"சம்பந்தமே இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? எறங்கும்போது கைப்பிடியப் புடிச்சுக்கிட்டுப் போங்க. இன்னிக்குக் காலையிலதான் புதுசு போட்டேன்."