ஒரு தடவைதான் ஓடும்

"ஒரு தடவைதான் ஓடும். அடுத்த தடவைக்கு என்னைக் கேக்காதே பாப்பா" என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த ஒரு தடவையைத்தான் சங்கக் கட்டடத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு நின்றாள் மகள்.

டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் அப்பாவின் படம். எதிரே, நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தும் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்தும், தறிக்கூடத்து ஆட்கள்.

பேர்தான் இரங்கல் கூட்டம். சத்தமோ சந்தைக்கடை. ஆயுசெல்லாம் தறி இரைச்சலில் நின்றவர்களுக்குக் காது பாதிதான் மிச்சம். பக்கத்தில் இருப்பவரிடமே கத்துவார்கள். தள்ளி நிற்பவரிடம் கத்தியும் பயனில்லை என்று, உதட்டை மட்டும் அகல அகல அசைத்துப் பேசுவார்கள். கூடத்தில் பழகிய பேச்சு அது. வீட்டிலும் அப்பாவின் பாதிப் பேச்சு அப்படித்தான்.

"உங்கப்பன் பாட்டு மாதிரி வருமா!" வந்தவர் ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார்கள். மில்லில் அவர் பேரே பாட்டுக்காரர். சொந்தப் பேரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

மகள் அவர் பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். லைன் வீட்டுச் சுவர் அட்டை மாதிரி. இந்தப் பக்கம் ராத்திரி ஷிஃப்ட் ஆள், அந்தப் பக்கம் காலை ஷிஃப்ட் ஆள். எந்நேரமும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். "பாடுங்கப்பா" என்றால் சுவரைக் காட்டி உதட்டில் விரல் வைப்பார். ரேடியோவைக் கூட முணுமுணுக்கும் அளவுக்கு வைத்து, அதைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும். தொடையில் விரல் தாளம் போடும், அதுவும் சத்தமில்லாமல்.

ஒருமுறை மேஸ்திரி வேலை தேடி வந்தது. கண்ணாடி அறை, நாற்காலி, மேலே விசிறி. வேண்டாம், தறிப் பக்கமே இருக்கிறேன் என்று விட்டார். காரணம் கேட்டதற்கு ஒரு சிரிப்பு. அம்மா வெகுநாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

வேலையின் கடைசி நாளன்று எங்கோ இரவல் வாங்கிய ரெக்கார்டரோடு கூடத்துக்குப் போய்த் தான் பாடியதைப் பிடித்து வந்திருக்கிறார். அவர் போன பிறகுதான் அந்தக் கேசட் பெட்டியடியில் கிடைத்தது. ஈரம் ஏறி, நாடா ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வீட்டில் தனியாகக் கேட்டிருக்கலாமோ? வாரம் முழுக்க இதே அரிப்பு. ஆனால் அப்பா விட்ட வேலையை வாங்கிக்கொண்ட மேஸ்திரி வந்து ஒரே பிடிவாதமாக நின்றுகொண்டார். "எங்களோட சேர்ந்து கேளு பாப்பா. நாங்க இல்லாம அவன் பாடினதே இல்ல."

அம்மா முன்வரிசையிலிருந்து தலையசைத்தாள்.

மகள் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் உஸ்ஸென்று ஒரு காற்று. பிறகு கூரையே இடிந்து விழுவது போல் இரைச்சல். தறிகள். நூற்றுக்கணக்கில் தறிகள்.

ஒலியைக் குறைத்தாள். கூட்டினாள். குனிந்து காதை வைத்தாள். மூலையில் எங்காவது ஒரு குரல் ஒளிந்திருக்காதா? தடதடப்பு மட்டும்தான். நாடா இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு இளைத்துக்கொண்டே போனது. ஓடிய ஒவ்வொரு சுற்றும் போனது போனதுதான். நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் மறுபடி ஓடுமா? விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

நிமிர்ந்தாள்.

சந்தைக்கடை அடங்கியிருந்தது.

மேஸ்திரியின் செருப்பு தரையைத் தட்டியது. அடுத்த செருப்பு. அதற்கடுத்தது. அவர் உதடு அசைந்தது, அகலமாக, சத்தமில்லாமல். சுவரோரம் நின்றவர் அதைப் பார்த்து அசைத்தார். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு அப்பாவிடம் எப்போதும் ஒரே பாட்டுத்தானாம். எல்லா உதடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரே இடத்தில் நீட்டி, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, அடுத்த வரிக்குத் தாவின.

நாடாவில் மில் சங்கு ஊதியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

இப்போது. மகள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தாள். இரைச்சல் முழுக்க வடிந்தால் கட்டாயம் குரல் மேலே வரும்.

கடைசித் தறி நின்றது.

நாடாவில் ஒரு மூச்சு. தொண்டை கிழியப் பாடி ஓய்ந்தவன் விடுகிற நீளமான மூச்சு. அவ்வளவுதான். எதிரே அத்தனை உதடுகளும் அதே நொடியில் மூடின.

பட்டென்று நாடா அறுந்தது.

மேஸ்திரி துண்டால் கண்ணைத் துடைத்தார். "என்னமா பாடியிருக்கான் பார்த்தியா!"

"மாமா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். மகள் அவர் முகத்துக்கு நேரே நின்று, அதையே சத்தமில்லாமல், உதட்டை அகல அசைத்துக் கேட்டாள்.

சட்டென்று புரிந்தது அவருக்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்து ஆளைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார்.

"குரலா?" என்றார் மேஸ்திரி. "நாங்க பார்த்ததுதானே பாப்பா."