வில்லுக்கென்று பிறந்த மரம்

போர்க்களத்திலிருந்து ஓடிவந்த மாதையனை, அம்பெய்து கொல்வதற்காகத் தடச மரத்தில் கட்டினார்கள். அவன் அப்பா வில் செய்பவர். எவ்வளவு வளைத்தாலும் முறியாது, வில்லுக்கென்றே பிறந்தது என்று அந்த மரத்தைக் கொண்டாடுவார். வெட்டும் நாள் வரும்வரை அதில் ஒரு துணிக்கொடிகூடக் கட்ட விடமாட்டார். அவர் மூச்சிரைக்க ஓடிவந்து தளபதியின் காலில் விழுந்தபோது, மாதையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சாமி, இரக்கம் காட்டுங்க! அம்பு தைச்சா நாரெல்லாம் அறுந்துபோகும். இதுமாதிரி வில்லுமரம் இனி முளைக்காது.”

தளபதி சிரித்துவிட்டான். “அப்போ பையன்?”

“அந்தாண்ட முருங்கை நிக்குதுங்க சாமி.”

கட்டை அவிழ்த்தார்கள். அப்பா மாதையனை விலக்கிவிட்டு, பட்டையில் கயிறு பதிந்த தடத்தைத் தடவினார்.

“வலிச்சுதா கண்ணு?” என்று மரத்திடம் கேட்டார்.

“இல்லப்பா” என்றான் மாதையன்.