ரெக்ஸ் காதில் விழக்கூடாது

கடைசி ஜன்னலையும் இழுத்துச் சாத்தி, இடுக்கில் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைத் திணித்த பிறகுதான் சிறிலுக்கு மூச்சு வந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் கீழ் வீட்டுப் பிள்ளைகள் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். கட்டிலுக்கடியில் ரெக்ஸ் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

போன நத்தாருக்கு இதே சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய், பலாபத்வல ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்றைப் பறிகொடுத்தது. கட்டாரில் இருக்கும் மகன் ரொஷான், தான் வளர்த்த நாயை ஒரு நாள் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்று கேட்டான். அதோடு அப்பனுடன் பேச்சை நிறுத்திவிட்டான். எதுவென்றாலும் அம்மாவோடுதான்.

இந்த வருடமும் ரெக்ஸுக்கு ஏதாவது ஆனால் மகனை மறந்துவிட வேண்டியதுதான். அது சிறிலுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் ஒரு மாதமாகவே ஆயத்தம். கதவு ஜன்னலை அடை, பாட்டைப் பலமாகப் போடு, பக்கத்திலேயே இரு என்று மிருக வைத்தியர் சொல்லி, தூங்க வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார். முப்பது வருடத்தில் மனைவி சொன்ன ஒன்றையாவது சிறில் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

அந்த மனைவி சூசையம்மா, ஏழு மணிப் பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டிக் கிளம்பி நின்றாள். நாய்க்குக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிப் பின்படியில் வைத்துவிட்டுப் போ என்றார் சிறில். கிணற்றைத் தாண்டி மிளகுத் தோட்டத்துக்குள்ளால் இறங்கினால் கோயிலுக்குக் குறுக்கு வழி.

"ராத்திரி பூரா மழ பேஞ்சிருக்கு, கெணத்தடி வழுக்கும். வந்து அள்ளித் தாறேங்க."

"ஒரு வாளிதானே? அள்ளி வச்சிட்டு அப்பிடியே போ."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் படியிறங்கியதும் சிறில் பின்படிக்குத் திறக்கும் குசினிக் கதவைப் பூட்டி, நத்தார் பாட்டைப் போட்டுவிட்டார்.

இரண்டு பாட்டு முடிந்திருக்காது. ரெக்ஸ் தானாகவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது. நொண்டிக்கொண்டே போய்க் குசினிக் கதவைப் பிறாண்டியது. வெடி ஓய்ந்த நேரத்திலும் அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்து ஊளையிட்டது.

போன வருடமும் இப்படித்தான் ஓடப் பார்த்தது. சிறில் ரேடியோவை உள்ளதிலேயே உச்சத்துக்குத் திருகினார். கோழி ஈரலுக்குள் அரை மாத்திரையை வைத்து ஊட்டினார்.

நாய் விழுங்கிவிட்டு மறுபடியும் கதவுக்கே ஓடியது. நகத்தில் ரத்தம் கசிந்தது. மனசு கேட்காமல் மற்றப் பாதியையும் கொடுத்து, கழுத்துப் பட்டியில் பிடித்து இழுத்துவந்து மடியில் அமுக்கிக்கொண்டார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக ரெக்ஸ் அவர் கையைக் கடித்தது.

"ஒனக்காகத்தான்டா," என்றார். கடிபட்ட கையாலேயே தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாயின் கண் சொருகியது, ஊளை அடங்கியது. வீட்டுக்குள் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு ரொஷான் வீடியோவில் வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் போனுக்கு வந்த அழைப்பு. சிறில் ரேடியோவை நிறுத்திவிட்டு, தூங்குகிற நாயைக் காட்டினார். ரொஷானின் முகம் மலர்ந்தது. அம்மா எங்கே என்று கேட்டான். பூசைக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார்.

"பயந்துகிட்டே இருந்தேம்ப்பா. நீங்க காப்பாத்திட்டீங்க."

சிறிலுக்கு அழுகை வந்துவிட்டது. மகன் பார்க்கிறானே என்று மறைக்கவுமில்லை. போனை வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதார், நிம்மதியான அழுகை.

முன்கதவு தட்டப்பட்டது. சூசையம்மாவின் தங்கை ஷிரானி, கோயிலுக்குப் போட்ட உடுப்போடு நின்றாள். ஒரு கையில் கேக் தட்டு, மறு கையில் ஒரு சோடி பெண்கள் செருப்பு. குறுக்கு வழியால் வந்தாளாம், குசினிக் கதவு பூட்டிக் கிடந்ததால் முன்பக்கம் சுற்றி வந்தாளாம்.

"கெணத்துக் கட்டோரமா கெடந்திச்சு, நாய் கீய் தூக்கிட்டுப் போயிரும்னு எடுத்துக்கிட்டு வந்தேன்," என்று செருப்பைக் கீழே வைத்தாள். பிறகு அவருடைய தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா ஏன் அத்தான் பூசைக்கு வரல்ல?"