கிரேன்காரரின் எட்டு பட்டன்கள்

"டீச்சர், எதைத் தொட்டாலும் எம் பொண்டாட்டி சாவியையே கேக்குறா."

வகுப்பே சிரித்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வகுப்பில் அவருக்குப் பெயரே கிரேன்காரர்தான். கப்பல் சரக்கை அங்குலம் பிசகாமல் இறக்கிய கை, மவுஸைப் பிடித்தால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவர் போன் திரையில் எட்டு பட்டன்கள். எதை அழுத்தினாலும் ஒரு பெண் குரல், "சாவிய எங்க வெச்சுத் தொலைச்சீங்க?" என்றது.

டீச்சர் வந்து பார்த்தார். முதன்முதலாக மொபைல் செயலி செய்யப் பழகுகிறவர்களுக்கான வகுப்பு அது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கம்ப்யூட்டரில் வண்ணக் கட்டங்களை இழுத்துவந்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். 'பட்டனைத் தொட்டால்' என்ற கட்டத்துக்குள் 'இந்த ஒலியை இயக்கு' என்ற கட்டம். கிரேன்காரர் ஒன்றைச் செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்தே நகல் எடுத்திருந்தார். ஒலியின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்புதான்.

மற்றவர்கள் கடைக்கு, டியூஷனுக்கு என்று ஏதேதோ செய்துகொண்டிருந்தார்கள். இவருடையது வேறு. வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளை எல்லாம் அவருடைய பழைய போன் தானாகவே பதிவு செய்து வைத்திருந்தது. அதில் மனைவி பேசியதை மட்டும் துண்டு துண்டாக வெட்டி எடுத்து வந்திருந்தார். "சாப்பிட்டாச்சா?", "போதும், தூங்குங்க." பின்னணியில் எப்போதோ ஓடிய குழாய்த் தண்ணீரும், எப்போதோ அழுத குழந்தையும். கேட்கக் கேட்க அவர் முகத்தில் பாதி வயது குறைந்துவிடும்.

எதற்கு இது என்று முதல் நாளே டீச்சர் கேட்டிருந்தார்.

"வருஷக்கணக்கா கேட்ட குரல் டீச்சர். போன மாசத்தோட நின்னு போச்சு. வீடு அமைதியா இருக்கு. தாங்க முடியல."

மேற்கொண்டு கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இறந்துபோன தன் அப்பாவின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முகம் வந்தது, குரல் வரவில்லை. இந்த மனிதருக்காவது அது கைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்று கிரேன்காரர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். நினைவு நாளாக இருக்கும் என்று டீச்சர் எண்ணிக்கொண்டார். எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். அவர் ஒப்பவில்லை.

"தனித்தனியாவே இருக்கட்டும் டீச்சர். தொட்ட உடனே வரணும். நெட் இல்லன்னாலும் வரணும். எழுத்து நல்லா பெருசா இருக்கணும்."

பாவம், கண்ணும் மங்கல் போலிருக்கிறது என்று டீச்சர் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை எட்டு பட்டன்களும் எட்டு விதமாகப் பேசின. கிரேன்காரர் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதேவிட்டார். டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வகுப்புக்கு அவர் தாமதமாக வந்தார். கூடவே, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய ஓர் அம்மாள்.

"இவதான் டீச்சர் என் சம்சாரம். தொண்டையில ஆபரேஷன். இனிமே குரல் வராதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தா, வந்ததுலேர்ந்து போனைக் கீழயே வைக்கல, உங்களைப் பாத்தே ஆகணும்னு ஜாடை காட்டி..." என்று கிரேன்காரர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அந்த அம்மாள் கையிலிருந்த போனில் ஒரு பட்டனைத் தொட்டார்.

"கொஞ்சம் என்னையும் பேச விடுங்களேன்" என்றது, அவருடைய அந்த நாள் குரல்.