குறுக்கே நீண்ட கம்பு

மே 3, 2025. வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்த கர்ணனின் காலுக்குக் குறுக்கே, அவருடைய மனைவி பாண்டீஸ்வரி அடிக்கடி கம்பை நீட்டினார். இக்கொடுமையை ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை.

சின்னமனூர் டீக்கடைக்காரர் குருசாமிக்குப் பொறுக்கவில்லை.

“ஏத்தா, நடுங்குற மனுசனக் கீழ தள்ளப் பாக்குறியே! கோயிலுக்குப் போற மூஞ்சியா இது?” என்று கம்பைப் பிடுங்கி எறிந்தார்.

கர்ணன் நின்றுவிட்டார். கால் பெயரவேயில்லை.

“ஆட்டோ கூப்பிடவாண்ணே?” என்று குருசாமி பதறினார்.

“ஆத்தா கோயிலுக்கு நடந்தேதான் போவேன். கம்பக் குடுப்பா! பார்க்கின்சன் வந்த காலு திடீர்னு தரையோட ஒட்டிக்கிரும். குறுக்க ஒண்ணு கெடந்தாத்தான் தாண்டி எட்டு வைக்கும். கட்டுனதுலருந்து குறுக்க நிக்கிறவ, இப்பத்தான் உதவுறா!”

“பேசாமத் தாண்டுங்க,” என்று பாண்டீஸ்வரி கீழே கிடந்த கம்பை எடுத்துக் குறுக்கே நீட்டினார்.

கர்ணன் தாண்டினார், நடந்தார்.

வாசகர்களே, வழியில் இவர்களைக் கண்டால் கம்பைத் தொடாதீர்கள், விலகி வழிவிடுங்கள்.