இழுத்தால் வரும் பசை

கல்யாண மேடைக்குப் பூ ஜாடி தயாராகிக்கொண்டிருந்தது. மேசையில், தண்டு பாதி முறிந்த ரோஜா ஒன்று குப்பைக் கூடையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"பயப்படாதே, நான் தாங்கிக்கிறேன்" என்றது பூத்தண்டுகளில் சுற்றும் பச்சை டேப்.

பளபளக்கும் ரிப்பன் சிரித்தது. "நீ விரல்லயே ஒட்ட மாட்டே. இவளை எங்கே தாங்கப்போறே?"

அலங்காரம் செய்யும் எஸ்தரும் முதலில் ரிப்பனைத்தான் எடுத்தாள். முறிந்த இடத்தில் அழகாகக் கட்டி, ரோஜாவை ஜாடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ரிப்பன் நனைந்து நழுவியது. ரோஜாவின் தலை தொங்கிவிட்டது.

எஸ்தர் ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பச்சை டேப்பின் நுனியைப் பிடித்து நீளமாக இழுத்தாள்.

"ஐயோ, அறுந்துடப்போறே!" என்று அலறியது ரோஜா.

"இழுக்கட்டும், நல்லா இழுக்கட்டும்! இழுத்தாத்தான் எனக்குப் பசையே வரும்!"

இழுத்து இழுத்து, தண்டைச் சுற்றி இறுக்கினாள் எஸ்தர்.

மாலையில், மேடை ஜாடியின் உச்சியில் ரோஜா நிமிர்ந்து நின்றது. போட்டோ எடுப்பவர் மணமக்களை அதன் பக்கம் நகர்ந்து நிற்கச் சொன்னார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரிப்பன் எட்டி எட்டிப் பார்த்தது.

ஜாடியில் தண்ணீர் குறைந்ததென்று எஸ்தர் குடத்தோடு வந்தாள். இலைகளுக்குள்ளிருந்து பச்சை டேப் கத்தியது: "ஊத்தும்மா, இன்னும் ஊத்து!"